நாற்பத்தொன்றாம் டவரின் பிடிவாதக்காரி

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தைந்து வருடம் ஒரு செடியோடு சண்டை போட்டார். ஒரு வருடம்கூட ஜெயிக்கவில்லை. அந்தச் சண்டையின் கடைசி மூன்று வாரம் நான் கூடவே இருந்து பார்த்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு வேலையிடத்தில் சாணை என்று பெயர். இடுப்புப் பையில் எப்போதும் சாணைக்கல் இருக்கும். நாக்கையும் அதே கல்லில்தான் தீட்டுவார் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். சம்பளப் பட்டியலில் இருக்கிற நிஜப் பெயரைக் கூப்பிட்டால் மாமாவே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்கள் வேலை இதுதான். உயர் அழுத்த மின்கம்பி காட்டுக்குள்ளே பதினோரு கிலோமீட்டர் போகிறது. கம்பிக்குக் கீழே முப்பது மீட்டர் அகலத்துக்கு எதுவும் முழங்காலுக்கு மேல் வளரக் கூடாது. வளர்ந்து மரமாகிக் கம்பியை நெருங்கினால் ஒரு பொறி போதும், ஊர் முழுக்க இருட்டு. ஆகவே வருடா வருடம் வெயில் உச்சத்தில், மழை வருவதற்கு முன்னால், எட்டுப் பேர் போய்ச் சுத்தமாக வெட்டிவிட்டு வருவோம். நான் டவரில் ஏறிக் கம்பியையும் அதைத் தாங்குகிற பீங்கானையும் பார்க்கிற ஆள். மாமா கீழே வெட்டுகிற ஆள். மேலே இருந்து பார்த்தால் அவர் தலைக்கவசம் மட்டும் மஞ்சளாகத் தெரியும், வசவு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

வசவெல்லாம் அந்தச் செடிக்குத்தான். நாற்பத்தொன்றாம் டவருக்கும் நாற்பத்திரண்டாம் டவருக்கும் நடுவில் அது நின்றது. பயறு வகையில் ஒரு காட்டுப் புதர். இடுப்பு உயரம், சில இடத்தில் மார்பு உயரம். ஒரு காம்புக்கு மூன்று இலை, இலைக்கு அடியில் பட்டு மாதிரி வெள்ளை ரோமம். பூ மஞ்சள், முதுகில் சிவப்புக் கோடு. காய் முற்றினால் வெயிலில் முறுக்கிக்கொண்டு டப்பென்று வெடித்து விதையை ஆள் உயரத்துக்கு விட்டெறியும். அது மாமாவின் தலைக்கவசத்தில் பட்டால் போச்சு, அதன் ஏழு தலைமுறையையும் இழுப்பார். தண்டு அவ்வளவு கெட்டி. வேறு இடத்தில் காலையில் தீட்டினால் மதியம் வரை வருகிற அரிவாள் அங்கே பத்துச் செடிக்கு ஒரு தடவை கல்லைக் கேட்கும். தரையோடு தரையாக வெட்டிவிட்டு, கட்டையை ஒரு மிதி மிதித்துவிட்டு வருவார். அடுத்த வருடம் போனால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழு தண்டு நிற்கும். மாமா அதற்குப் பிடிவாதக்காரி என்று பெயர் வைத்திருந்தார்.

"தூக்கத்துலகூட பிடிவாதக்காரி, பிடிவாதக்காரின்னு பினாத்தறார். யாருடா அவ? காட்டுக்குள்ள எனக்கு ஒரு சக்களத்தியா?" என்று அக்கா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். செடி என்று சொன்னபோது நம்பவில்லை. ஒரு கிளையைக் கொண்டுவந்து காட்டிய பிறகு, "அடச்சே, இவ்வளவுதானா?" என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு தடவை மாமா கடப்பாரையோடு போனார். வெட்டினால்தானே வருகிறாய், வேரோடு எடுத்துவிடுகிறேன் பார் என்று வீம்பு. ஒரு பகல் முழுக்கத் தோண்டி மூன்று செடியை எடுத்தார். வேர் தொடை கனத்துக்கு இருந்தது, ஆள் மட்டத்துக்குக் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் முறிந்துபோனது. அந்த மூன்றும் செத்தன. மாமாவுக்கு நான்கு நாள் முதுகு நிமிரவில்லை. மூன்றுக்கு நான்கு நாள் என்றால் முந்நூறுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அரிவாளுக்கே திரும்பிவிட்டார்.

இருபத்திரண்டாவது வருடம் டாக்டரம்மா வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி கொடி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அது தெரியாமல் எங்கள் ஆள் ஒருவர் முதல் நாளே முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுவிட்டார். மாமா வயசுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கும். கழுத்தில் பூதக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, பிடிவாதக்காரிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. இந்தச் செடி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லையாம், அறுபது வருடமாக யார் கண்ணிலும் படவில்லையாம். "இதை வெட்டறது யாரு?" என்று கேட்டார். மாமா கையைத் தூக்கினார். "நல்லவேளை. இன்னும் ஒரு வருஷம் வெட்டியிருந்தீங்கன்னா பூண்டோட போயிருக்கும்" என்றார்.

அன்றைக்கு மாமா வீட்டில் சாப்பிடவில்லை. அவர் செய்த வேலையை முதல் தடவையாக ஒருவர் நாலு பேர் முன்னால் தப்பு என்று சொல்லிவிட்டார். எனக்கே ஆத்திரமாக வந்தது.

வேலி போட்டார்கள். வெட்டக் கூடாது, மிதிக்கக் கூடாது, உள்ளே கால் வைக்கக் கூடாது. உள்ளே வளர்கிற மரம் கம்பியை நெருங்கினால் நான் மேலே இருந்து நுனியை மட்டும் கழித்துவிடலாம். வருடத்துக்கு ஒரு தடவை ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் வந்து எண்ணிக்கொண்டு போவார்கள். வேலி போட்ட வருடம் முந்நூற்றுப் பன்னிரண்டு செடி. அடுத்த வருடம் நூற்றுத் தொண்ணூறு. மூன்றாவது வருடம் அறுபத்தொன்று. பூச்சி என்றார்கள், மருந்து அடித்தார்கள். ஆடு என்றார்கள், இன்னொரு சுற்று முள்கம்பி போட்டார்கள். நான் மேலே இருந்து பார்க்கும்போது வேலிக்குள் ஒரே கொடியும் கன்றுமாகக் கூரை போட்டது போலிருக்கும். பிடிவாதக்காரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன கோடையில் ஒரு திங்கட்கிழமை, வருகைப் பதிவேடு இருக்கிற மேசைக்கு மேலே ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். மிச்சமிருக்கிற அறுபத்தொரு செடியையும் வேரோடு எடுத்து ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம். தோண்டுவதற்கு எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு ஆள். முதல் பெயர் மாமாவுடையது.

மாமா அதை இரண்டு தடவை படித்தார். "கிளம்புடா" என்றார்.

"எங்க மாமா?"

"அந்த அம்மாவைப் பார்க்கணும். தோண்டினா எல்லாம் செத்துடும்டா!"

"செத்தா உங்களுக்கென்ன? நிம்மதியா வெட்டிக்கிட்டுப் போகலாம்ல?" என்று வாயைக் கொடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் பேசாமல் வண்டியை எடுத்தேன்.

ஆராய்ச்சி நிலையத்து அறையில் நீள மேசை, சுவர் நெடுக இரும்பு அலமாரி, அலமாரிக்குள்ளே தாளில் ஒட்டிய காய்ந்த செடிகள், மூக்கைத் துளைக்கும் பாச்சை உருண்டை வாசனை. டாக்டரம்மாவும், கோப்போடு அவருடைய உதவியாளரும் இருந்தார்கள். எங்களை உட்காரச் சொன்னார்கள். மாமா உட்காரவில்லை.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். இந்தச் செடியை ஒழிக்கணும்னு நான் இருபத்திரண்டு வருஷம் படாத பாடு பட்டேன். என்னால முடியலை. நீங்க பாசமா வேலி போட்டு மூணே வருஷத்துல முடிச்சுட்டீங்களே, எப்படிம்மா?"

நான் அவர் காலை மிதித்தேன். உதவியாளர் எழுந்தே விட்டார். டாக்டரம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"பூச்சின்னு நினைக்கிறோம்" என்றார்.

"பூச்சியும் இல்லை, பேயும் இல்லை. நிழல்! மத்ததெல்லாம் மேல ஏறி அமுக்குது. முன்னாடி நான் எல்லாத்தையும் வெட்டுவேன். மத்தது செத்துடும், இவ மட்டும் அடிவேர்ல இருந்து திரும்ப வருவா. வெட்டினாத்தான் வருவா."

"அழியப் போற செடியை வெட்டச் சொல்றீங்க."

"ஆமா."

"ஆதாரம் இருக்கா?"

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "வேலிக்குக் கிழக்கே, பாறைக்கு அந்தப் பக்கம் சரிவுல நூறுக்கு மேல நிக்குது. அதை நான் இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். வாங்க, காட்டறேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வேலிக்குள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அந்தச் செடியைத் தொட்டால் குற்றம் என்று அரசாங்க உத்தரவே இருக்கிறது. இவர் அதிகாரிகளிடம் வந்து, மூன்று வருடமாக வெட்டுகிறேன் என்று மார்தட்டுகிறார். எனக்கு வேர்த்துவிட்டது.

ஆனால் உதவியாளருக்குக் கோபம் வேறு இடத்தில். "வெளியே ஒண்ணுகூடக் கிடையாது மேடம். நம்ம பட்டியல்ல சைபர்" என்றார்.

"போய்ப் பார்த்தீங்களா சார்?" என்றார் மாமா.

உதவியாளர் கோப்பைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். எண்ணுகிற படிவத்தில் வேலிக்குள் இருக்கிற இடத்தை மட்டும்தான் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். "வெளியே எண்ண நம்மகிட்ட கட்டமே இல்லை மேடம்."

"அப்போ சைபர் எங்கேருந்து வந்தது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கட்டம் இல்லாததால... சைபர்னு போட்டோம்."

டாக்டரம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க."

எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். ஜெயித்துவிட்டோம்! ஜீப்பின் பின்சீட்டில் மாமாவின் தொடையைத் தட்டினேன். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என் காதருகே குனிந்தார்.

"போன வெள்ளிக்கிழமைதான்டா அங்க வெட்டினேன்" என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பாறையைத் தாண்டி இறங்கினோம். சரிவு முழுக்க மொட்டை. தரை மட்டத்தில் கட்டை விரல் கனத்துக்குக் காய்ந்த அடிக்கட்டைகள், சுற்றிலும் சருகு. வெட்டிய தழையையெல்லாம் வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மாமா வேலையில் அப்படியொரு சுத்தம்.

"எங்கே செடி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வெட்டிட்டேன்" என்றார் மாமா.

உதவியாளர் சிரித்தே விட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தார். இது அந்தச் செடிதான் என்று கட்டையை வைத்து எப்படிச் சொல்வது? அப்படியே அதுவாக இருந்தால், இருந்த நூறையும் இந்த ஆள் வெட்டித் தள்ளியிருக்கிறார். இரண்டில் எது நிஜமானாலும் மாமாவுக்கு ஆபத்து.

"எத்தனை நாள்ல துளிர்க்கும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மாமா ஒரு கட்டைக்குப் பக்கத்தில் குந்தினார். "தெரியாதும்மா" என்றார். "நான் வெட்டிட்டுப் போயிடுவேன். அடுத்த வருஷம் வந்தா நிக்கும். நடுவுல என்ன நடக்குதுன்னு நான் பார்த்ததே இல்லை."

இத்தனை வருடம் கட்டி உருண்ட எதிரியைப் பற்றி அவருக்கு அதுகூடத் தெரியவில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா சரிவின் அடி வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "தோட்டத்து வண்டி மூணு வாரத்துல வருது. அன்னிக்குக் காலையில இங்க இது துளிர்த்திருந்தா தோண்டறதை நிறுத்தறேன். துளிர்க்கலைன்னா தோண்டுவோம். அப்போ, வெட்டினதுக்கு நான் உங்க மேல புகார் எழுதித்தான் ஆகணும். எனக்கு வேற வழி இல்லை." அவர் கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உதவியாளர் வெள்ளைச் சாயத்தால் ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டார். நூற்று நாற்பத்து மூன்று.

அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. மாமா விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாற்பத்தொன்றுக்குப் போவார், ஒன்றிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று வரை குனிந்து பார்ப்பார், எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். ஏழாம் நாள் இல்லை. பத்தாம் நாள் இல்லை. வெயில் தகித்தது. அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. "சாணை இலவு காக்கப் போயிருக்கார்" என்றார் ஒருவர். மேஸ்திரி மட்டும், "வேலை போயிடுமேய்யா, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துடு" என்று நல்லெண்ணத்தில் சொன்னார்.

அக்கா எழுதச் சொல்லிக் கெஞ்சினாள். "ஒரு செடிக்காக யாராவது வேலையை விடுவாங்களா? அதுவும் பிடிக்காத செடி!"

"எழுதினா நான் சொன்னது பொய்னு ஆகிடும், தோண்டிடுவாங்க" என்றார் மாமா. தட்டைத் தள்ளிவிட்டு, குழாயடியில் கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "சக்களத்திதான்டா" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் நானும் கூடப் போனேன். ஒன்றுமில்லை. மாமா எழுபதாம் எண் கட்டையைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார், பிறகு தட்டியதற்காகவே வருத்தப்பட்டவர் மாதிரி குனிந்து மண்ணைச் சரிசெய்தார். "ஒருவேளை அந்த அம்மா சொன்னதுதான் சரியோ?" என்றார். "இந்த வருஷம்தான் அந்த ஒரு வருஷமோ? நானே பூண்டோட முடிச்சுட்டேனோ?" அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பத்தொன்பதாம் நாள் காலை எனக்கு டவரில் வேலை. நாற்பத்தொன்றின் உச்சியில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பீங்கானைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே மஞ்சள் தலைக்கவசம் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் குனிந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. பிறகு தலைக்கவசம் காற்றில் பறந்தது.

"டேய்! இறங்கி வாடா! டேய்!"

எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. விதிப்படி பத்து நிமிடம் ஆகிற இறக்கம், மூன்று நிமிடத்தில் தரையில் நின்றேன். இத்தனை நாள் நாங்கள் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். துளிர் கட்டையிலிருந்து வரவில்லை. ஒரு சாண் தள்ளி, வெடித்த மண்ணிலிருந்து, சுண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை ரோமத்தோடு ஐந்து முளை எட்டிப் பார்த்தது. அடுத்த கட்டைக்குப் பக்கத்தில் மூன்று. அதற்கடுத்து ஏழு! நாங்கள் இரண்டு பேரும் முட்டி போட்டுக்கொண்டு சருகை விலக்கி விலக்கிக் கத்திக்கொண்டிருந்தோம். வழியில் போனவர்கள் பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வண்டி வருகிற நாளன்று காலையில் முளை இன்னும் கொஞ்சம் உயர்ந்து இலை விரிந்திருந்தது. ஒரு காம்புக்கு மூன்று இலை. தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியோடு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா மண்டி போட்டு, கண்ணாடியைக் கண்ணில் வைத்து, முதல் இலையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். உதவியாளர் எண்ணினார். இந்தத் தடவை கட்டம் இல்லாத வெள்ளைத் தாள். நூற்று நாற்பத்து மூன்றில் நூற்று முப்பத்தேழு.

டாக்டரம்மா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூட இல்லை. மாமாவிடம் நேராக வந்தார். "என் தப்பு" என்றார். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன். இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் தப்பு." தோட்டத்து வண்டியைத் திருப்பி அனுப்பினார். பிறகு வேலியின் பூட்டைத் திறந்துவிட்டார். "முதல்ல பாதி வெட்டுங்க. முப்பது செடி. மேல ஏறியிருக்கற கொடி, கன்று, எல்லாத்தையும். நான் கையெழுத்துப் போடறேன்."

எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நான் விசிலே அடித்தேன். மாமா அரிவாளைத் தீட்டிக்கொண்டு உள்ளே போனார். கொடியையெல்லாம் சரசரவென்று இழுத்துத் தள்ளினார், கன்றுகளை ஒரே வீச்சில் சாய்த்தார். உள்ளே வெயில் விழுந்தது. அதன் நடுவில் முதல் செடி, வெளிறிப்போய், ஒற்றைத் தண்டில் நான்கு இலையோடு நின்றது. மாமா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு அரிவாளை அடியில் வைத்தார்.

வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாமா?" என்று பக்கத்தில் போனேன். அவர் கை அசையவில்லை. ஆயிரக்கணக்கில் வெட்டிய கை.

"இத்தனை வருஷம் ஒழிஞ்சு போன்னு சொல்லித்தான்டா வெட்டினேன்" என்றார். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்துவிட்டது, துடைக்க இரண்டு கையும் சும்மா இல்லை. "வந்துடுன்னு சொல்லி எப்படி வெட்டறதுன்னு தெரியலையே."

டாக்டரம்மா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா மூச்சை இழுத்துவிட்டு, செடியின் பக்கம் குனிந்து, எங்களுக்குக் கேட்காதபடி ஏதோ சொன்னார். பிறகு தரையோடு தரையாக வெட்டினார்.